மாசிப் பட்டம் வருது: வீட்டுக்குக் கால் சென்ட் காய்கறித் தோட்டம்

(மன்னவனூரில் தை மாதம் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை எல்லாம் பேசி முடித்துவிட்டோம். தீர்மான நோட்டில் கையெழுத்தும் போட்டாச்சு. இப்போ வேறொரு கணக்கைப் பேசலாம். எந்தக் குழு நோட்டிலும் எழுதாத கணக்கு அது. போன வாரம் நம்ம வீட்டில் காய் வாங்க எவ்வளவு ஆச்சு?

யோசிச்சுப் பாருங்க. நம்ம மலையில் இருந்து கேரட்டும் பீன்ஸும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் லாரி லாரியாகக் கீழே இறங்குது. பூண்டு வடுகபட்டி சந்தைக்குப் போகுது. மன்னவனூர், கவுஞ்சி, பூம்பாறை, பூண்டி, கிளாவரை என்று எந்த ஊரை எடுத்தாலும் அந்தக் காயில் பெண்கள் கை படாத காய் ஒன்றுகூட இல்லை. விதை போடுவது நாம், களை எடுப்பது நாம், பிடுங்கி மண்ணைத் தட்டி மூட்டை பிடிப்பதும் நாம். சாயங்காலம் கூலியை வாங்கிக்கொண்டு வரும் வழியில் கடையில் நின்று, கீழே இருந்து மலை ஏறி வந்த வாடின கத்தரிக்காயை அரைக்கிலோ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். அதுவும் முடியாத நாளில் ரசமும் ஊறுகாயும்தான்.

தோட்டம் உள்ளவர்கள் வீட்டிலும் நிலைமை ரொம்ப மாறிவிடவில்லை. பூண்டு போட்டால் எல்லாம் பூண்டு, கேரட் போட்டால் எல்லாம் கேரட். எது போடுவது என்பதைச் சந்தை விலை முடிவு பண்ணுது, அடுத்து வீட்டு ஆம்பளைங்க முடிவு பண்ணுறாங்க. அதை இன்றைக்கே மாற்றிவிடலாம் என்று நாங்கள் பேச வரவில்லை. வீட்டுச் சுவரை ஒட்டி, கொல்லையில், முற்றத்து ஓரத்தில் சும்மா கிடக்கிற ஒரு துண்டு இடத்தைப் பற்றித்தான் பேச்சு. அந்த இடத்தில் எது விளையணும், எது முதலில் நம்ம சட்டிக்கு வரணும் என்பதை நாம் முடிவு பண்ணலாம்.

இது ருசிக்காக மட்டும் சொல்வது இல்லை. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை இருப்பதாகத் தெரிய வந்தது. பாதிக்கு மேல். இந்தக் கூட்டத்தில் நமக்கு இடது பக்கம் ஒருத்தர், வலது பக்கம் ஒருத்தர் என்று பார்த்தாலே கணக்கு புரியும். மேடு ஏறினால் மூச்சு வாங்குவதை 'மலைக்காத்து அப்படித்தான்' என்று சொல்லிக்கொண்டு இருக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்குக் காயும் பழமும் சேர்த்து நாளைக்குக் குறைஞ்சது 400 கிராம் வேணும் என்கிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு அது ஒன்றரைக் கிலோவுக்கு மேல். கூலிக் காசில் தினம் அதை வாங்க முடியுமா?

கீரை சாப்பிட்டால் மட்டும் இரத்தசோகை தீர்ந்துவிடாது. சுகாதார நிலையத்தில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்த வேண்டாம். கீரையோடு எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிட்டால் அதில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் நல்லா ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஒட்டவிடாது. நம்ம குளிருக்கு டீ இல்லாமல் முடியாது, தெரியும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னே பின்னே தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தோட்டத்துக்கு வருவோம்.

உறைபனியைத் தெரிஞ்சு விதைக்கணும்

நம்ம ஊர் கடல் மட்டத்தில் இருந்து 6,000 அடிக்கு மேலே இருக்கு. கீழே வத்தலகுண்டில் ஒருத்தர் தையிலேயே வெண்டை போட்டால் அது முளைச்சு வரும். இங்கே மார்கழி, தையில் விடியற்காலை புல்லெல்லாம் வெள்ளையாக உறைஞ்சு கிடக்கும். சில வருஷம் மாசி முதல் வாரம் வரைக்கும்கூட விடாது. அதனால் பூம்பாறை குழந்தை வேலப்பர் தேர் சமயத்தில் மண்ணைத் தயார் பண்ணி, மாசியில் விதை, பங்குனியில் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் வருகிற கோடை மழை பயிரைத் தூக்கிவிடும்.

உறைபனி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழாது. மேகம் இல்லாமல், காத்தும் இல்லாமல் வானம் தெளிஞ்சு இருக்கிற ராத்திரியில்தான் விழும். குளிர்ந்த காத்து கனமானது. தண்ணீர் மாதிரியே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். வீட்டுக்கு மேல்புறம் ஒரு துண்டு, கீழே பள்ளத்தில் ஒரு துண்டு என்று இரண்டு இடம் இருந்தால், மண் கொஞ்சம் மட்டமாக இருந்தாலும் மேல்துண்டை எடுங்கள். பாத்திக்குக் கீழ்ப்புறம் அடர்த்தியாக வேலி கட்டினால் குளிர் அங்கேயே தேங்கிவிடும். கீழ்ப்புறம் கொஞ்சம் வழி விட்டுக் கட்டணும். வீட்டுச் சுவர் ஓரம் ரொம்ப நல்ல இடம். பகலில் வாங்கின வெயில் சூட்டைச் சுவர் ராத்திரியில் கொடுக்கும்.

விதைச்ச பிறகு பனி வருகிற மாதிரி இருந்தால், பொழுது சாய்றதுக்கு முன்னாடி பாத்தியை நனைச்சு விடுங்கள். ஈர மண் காய்ந்த மண்ணைவிட அதிக சூட்டைப் பிடிச்சு வைக்கும். மேலே குச்சி நட்டு, செடியில் படாமல் பழைய சாக்கோ காய்ந்த புல்லோ போட்டு மூடி, காலையில் வெயில் வந்ததும் எடுத்துடணும்.

கேரட், முள்ளங்கி, பீட்ரூட், பட்டாணி, பாலக்கீரை, கொத்தமல்லி, முட்டைக்கோஸ் நாற்று எல்லாம் கொஞ்சம் குளிரைத் தாங்கும். பட்டாணி பூவெடுத்த பிறகுதான் பனிக்குப் பயப்படணும். பீன்ஸ், உருளைக்கிழங்கு, சவ்சவ், மரத்தக்காளி இதுகளுக்கு உறைபனி ஆகவே ஆகாது. அதுகளை மாசி பாதிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லணும். 2025-ல் அரசாங்கம் ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கம் ஆரம்பித்து வீட்டுத்தோட்டத்துக்கு விதைப் பாக்கெட் கொடுத்தது. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை என்று அதில் இருந்த விதை பெரும்பாலும் வெயில் கேட்கிற விதை. கீழ்நாட்டுக்கு நல்ல பாக்கெட். அது மாதிரி பாக்கெட் கையில் இருந்தால், கீரை விதையை மட்டும் பங்குனியில் போட்டுப் பாருங்கள். வெண்டையையும் கொத்தவரையையும் கீழே கட்டிக்கொடுத்த மகளுக்கோ தங்கச்சிக்கோ கொடுத்து அனுப்புங்கள். இந்தக் குளிரில் போட்டு, முளைக்காமல் போய், 'நமக்குத் தோட்டம் ராசி இல்லை' என்று விட்டுவிட வேண்டாம்.

எவ்வளவு இடம்? குடத்தைக் கேளுங்கள்

ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். நாங்கள் சொல்வது கால் சென்ட். ஏன் என்றால் மாசி, பங்குனியில் தண்ணி யார் சுமக்கிறது?

ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி, சுமார் 40 சதுர மீட்டர். நம்ம ஊர் வெயிலுக்குச் செடி நாளைக்கு 4 மில்லி மீட்டர் தண்ணி குடிக்கும் என்று வைத்தால், ஒரு சென்ட்டுக்கு 160 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் பத்து, பதினோரு குடம். ஊற்றில் இருந்து வீட்டுக்குக் குடிக்கிற தண்ணி கொண்டு வருவதே பாடு. அதுக்கு மேலே தினம் பத்துக் குடம் என்றால் ஒரு வாரத்தில் தோட்டம் காயும், அல்லது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை தலையில் குடம் ஏறும். இரண்டும் நமக்கு வேண்டாம்.

கால் சென்ட் என்றால் 11 அடிக்கு 10 அடி. மூணு அடி அகலம், பத்து அடி நீளத்தில் மூணு பாத்தி, நடுவில் இரண்டு நடைபாதை ஓரடி ஓரடி. கணக்கு சரியாக வருது. மூணு பாத்திக்கும் சேர்த்து இரண்டு, மூணு குடம் தண்ணி போதும். அரிசி கழுவின தண்ணி, காய் கழுவின தண்ணி எல்லாம் இதில் சேரும். சோப்புத் தண்ணியை மட்டும் கீரைப் பாத்தியில் விடாதீர்கள். அதைச் சவ்சவ் குழிக்குத் திருப்பி விடலாம்.

மூணு அடி அகலத்துக்கும் காரணம் இருக்கு. இரண்டு பக்கமும் உட்கார்ந்து கை நீட்டினால் நடு வரைக்கும் எட்டும், பாத்திக்குள் மிதிக்க வேண்டியதில்லை. மிதிச்ச மண்ணில் கேரட் நேராக இறங்காது. சரிவான இடத்தில் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடணும். மேலிருந்து கீழாகப் போட்டால் முதல் கோடை மழையிலேயே எருவும் விதையும் அடுத்த வீட்டுக்காரருக்குப் போய்விடும்.

இடமே இல்லாத உறுப்பினர்களும் இருக்கிறார்கள், லைன் வீட்டில் இருப்பவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள். அவர்கள் சிமெண்ட் சாக்கில் அடியில் ஓட்டை போட்டு மண்ணும் எருவும் நிரப்பினால் கொத்தமல்லி, பாலக், புதினா, முள்ளங்கி நல்லா வரும். ஐந்து சாக்கு இருந்தால் வாரத்தில் இரண்டு நாள் கீரை. எண்ணெய் டின்னும் ஆகும். ஆனா பூச்சி மருந்து வந்த டப்பா, மருந்து கலக்கின வாளி, டிரம் எதையும் தயவு செய்து எடுக்க வேண்டாம். எத்தனை தடவை கழுவினாலும் அது கழுவின பாத்திரம் ஆகாது.

மண்ணும் எருவும்

தை கடைசி இரண்டு வாரம் மண்ணுக்கு. மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் கொத்தி, கல்லும் வேரும் பொறுக்கி, ஒரு வாரம் வெயில் பட விடுங்கள். கொத்தும்போது சுருண்டு கிடக்கிற கருப்புப் புழு தென்படும். அது வெட்டுப்புழு. ராத்திரியில் வந்து இளஞ்செடியை அடியோடு வெட்டிப் போடுகிற கள்ளன் அதுதான். இப்பவே பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிட்டால் பின்னால் பாதி வேலை மிச்சம்.

நம்ம மலை மண் புளிப்பு மண். மழை அதிகம் பெய்து சுண்ணாம்புச் சத்து கரைஞ்சு போயிருக்கும். பாத்திக்கு முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை டோலமைட் அல்லது விவசாயச் சுண்ணாம்பு தூவிக் கொத்தி விடலாம். விதைப்புக்கு இரண்டு வாரம் முன்னாடியே போடணும். எருவோடு சேர்த்து ஒரே நாளில் போட்டால் எருவில் இருக்கிற சத்து ஆவியாகப் போய்விடும். அடுப்புச் சாம்பலும் நல்லது, விறகுச் சாம்பலாக இருந்தால். பிளாஸ்டிக் எரிச்ச சாம்பல் வேண்டாம். உருளைக்கிழங்கு நடப்போகிற இடத்தில் சுண்ணாம்பும் சாம்பலும் போடாதீர்கள், கிழங்கு தோலில் சொறி பிடிக்கும். தோட்டக்கலைத் துறை அலுவலர் வரும்போது மண் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும்.

எருவுக்கு நமக்குப் பஞ்சம் இல்லை. மாட்டுச்சாணம், ஆட்டுப் புழுக்கை இருக்கு. சுமை தூக்கும் குதிரைகளோட சாணம் பாதையிலேயே கிடக்கு. மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி மையம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே பாரத் மெரினோ ஆட்டோடு இறைச்சி முயலும் வளர்க்கிறார்கள். அதைப் பார்த்து முயல் வளர்க்கிற உறுப்பினர்கள் முயல் புழுக்கையை வீணாக்க வேண்டாம். நல்ல சத்துள்ள எரு. எந்த எருவாக இருந்தாலும் மக்கி, கையில் எடுத்தால் மண் வாசனை வரணும். குளிர் ஊரில் குப்பை மக்க நாள் ஆகும். போன ஐப்பசியில் போட்ட குவியலை எடுங்கள், போன மாசம் போட்டதைத் தொடாதீர்கள். பச்சைச் சாணம் போட்டால் கேரட் ஒற்றைக் காலில் நிற்காமல் இரண்டு மூணாகக் கிளை விட்டு, பார்க்கிறதுக்குப் பொம்மை மாதிரி வரும். பிள்ளைகளுக்குச் சிரிப்பு, நமக்குத் தோல் சீவுவதற்குள் உயிர் போகும். பாத்திக்கு ஒரு பெரிய கூடை, பத்துக் கிலோ அளவு போதும்.

எதை எப்போ போடுவது

சந்தைக்கு விளைகிற தோட்டத்தில் எல்லாம் ஒரே நாளில் விதைச்சு ஒரே நாளில் பிடுங்கணும். வீட்டுத் தோட்டத்தில் அப்படிச் செய்தால் ஒரு வாரம் கேரட்டாகத் தின்று, அடுத்த வாரம் திரும்பக் கடைக்குப் போவோம். அதனால் ஒவ்வொரு பாத்தியிலும் பாதியை மாசி முதல் வாரம் விதைத்து, மிச்சப் பாதியைப் பதினைந்து நாள் கழித்து விதையுங்கள். இந்தப் பேச்சில் ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் இருக்கும் என்றால் இது இருக்கட்டும்.

முதல் பாத்தியில் கேரட்டும் முள்ளங்கியும். கேரட் விதை பொடி விதை. காய்ந்த மணலில் கலந்து, விரல் நகக்கண் ஆழத்தில் கோடு கிழித்துத் தூவி லேசாக மூடணும். முளைக்கப் பத்துப் பதினைந்து நாள், குளிருக்கு இன்னும் கூட ஆகும். அதுவரை மேல்மண் ஒரு நாள்கூடக் காயக் கூடாது. நனைச்ச சாக்கைப் பாத்தி மேல் விரித்துவிட்டு, முளை தெரிந்த அன்றைக்கே எடுத்துவிடுங்கள். கேரட் கோட்டிலேயே அங்கங்கே முள்ளங்கி விதை போட்டால் அது சீக்கிரம் முளைத்துக் கோட்டைக் காட்டிக் கொடுக்கும். களை எடுக்கிறவர்களுக்கு அடையாளம் தெரியும். முள்ளங்கி 45 நாளில் சாம்பாருக்கு வந்துவிடும், அந்த இடத்தைக் கேரட் எடுத்துக்கொள்ளும். மூணு வாரத்தில் கேரட்டை இரண்டு விரல் இடைவெளிக்குக் களைத்து விடணும். மனசு வராது. ஆனா களைக்காமல் விட்டால் பென்சில் தடிமன்தான் மிஞ்சும். நூறு, நூற்று இருபது நாளில் நல்லா வந்தால் ஒரு பாத்தியில் ஐந்து, ஆறு கிலோ எடுக்கலாம்.

இரண்டாவது பாத்தியில் பட்டாணி, பதினைந்து நாள் கழித்து மிச்சப் பாதியில் பீன்ஸ். பட்டாணியை ராத்திரி ஊறவைத்துப் போடலாம். பீன்ஸை ஊறவைக்க வேண்டாம், குளிர் மண்ணில் அழுகும். கொடி பீன்ஸ், பட்டர் பீன்ஸ் என்றால் பாத்தியின் வடக்கு ஓரத்தில் குச்சி நட்டு ஏற்றுங்கள், மற்ற செடிக்கு நிழல் அடிக்காது. குச்சியை இப்பவே வெட்டிச் சேர்த்து வைக்கணும்.

மூணாவது பாத்தி கீரைக்கு. பாலக், கொத்தமல்லி, பீட்ரூட். பீட்ரூட் கீரையையும் பருப்பு போட்டுக் கடையலாம். கிழங்கு பெருக்கிற வரைக்கும் ஒரு செடியில் ஒன்றிரண்டு இலை மட்டும் கிள்ளுங்கள். பாலக்கை வேரோடு பிடுங்காமல் அறுத்து எடுத்தால் திரும்பத் திரும்ப வரும். தோட்டத்து மூலையில் ஒரு குழியில் முளைவிட்ட சவ்சவ் காயை முழுசாக வைத்துப் பந்தல் போட்டால் வருஷம் பூரா காய்க்கும். பனியில் கொடி கருகினாலும் அடிக்கிழங்கில் இருந்து திரும்பத் துளிர்க்கும். இடம் இருந்தால் ஒரு மரத்தக்காளி. நாட்டுத் தக்காளி நம்ம ஈரத்துக்குக் கருகல் பிடித்துப் போகும். குழம்புப் புளிப்புக்கு மரத்தக்காளி கை கொடுக்கும்.

உருளைக்கிழங்கு பற்றி நிறைய பேர் கேட்டீர்கள். மூணு பாத்தியில் அது வேண்டாம் என்பதுதான் எங்கள் அபிப்பிராயம். வேரில் ஊசிமுனை அளவுக்கு மஞ்சள் முத்து முத்தாக ஒட்டியிருக்குமே, முட்டைக்கூடு நூற்புழு, அது 1961-ல் நீலகிரியில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. நம்ம கொடைக்கானல் மலையிலும் இருக்கு. அந்த முத்துக்குள்ளே இருக்கிற முட்டை பல வருஷம் சாகாமல் மண்ணிலேயே கிடக்கும். உருளை போட்ட தோட்டத்து மண்ணோ, மண் ஒட்டின மண்வெட்டியோ, சந்தையில் வாங்கின கிழங்கோ வழியாக வீட்டுக் கொல்லைக்கும் வந்துவிடும். வேறு தோட்டத்தில் வேலை செய்த கொத்தையும் மண்வெட்டியையும் கழுவிவிட்டு நம்ம பாத்தியில் இறக்கணும். கட்டாயம் போட்டே ஆகணும் என்கிறவர்கள் தனி இடத்தில் போடுங்கள். குஃப்ரி சுவர்ணா மாதிரி நூற்புழுவைத் தாங்குகிற ரகம் கிடைத்தால் அதைப் போடுங்கள். போட்ட இடத்தில் அடுத்த மூணு வருஷம் பூண்டு, கேரட், பீன்ஸ் என்று மாற்றிப் போடுங்கள்.

விதையைக் குழுவாக வாங்குவோம்

ஒரு கேரட் பாத்திக்கு இரண்டு கிராம் விதை தாராளம். கடையில் இரண்டு கிராம் யார் கொடுப்பார்கள்? இருபது பேர் உள்ள குழு ஒரு 50 கிராம் பாக்கெட் வாங்கினால் எல்லோருக்கும் பிரித்தும் மிஞ்சும். பாலக், பீட்ரூட், முள்ளங்கியும் அப்படித்தான். குழுவில் இருந்து உள்கடனாக எடுத்து, ஆளுக்குப் பத்தோ இருபதோ அடுத்த சந்தாவோடு கட்டிவிடலாம். பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்குங்கள். பில்லைக் குழு ஃபைலில் வையுங்கள்.

அடுத்த வருஷம் எல்லா விதையையும் வாங்க வேண்டியதில்லை. பட்டாணி, பீன்ஸ், பட்டர் பீன்ஸ், கொத்தமல்லி இந்த நாலையும் நாமே எடுத்து வைக்கலாம். நல்ல செடியாக இரண்டு மூணைப் பார்த்து ஆரம்பத்திலேயே துணி கட்டிவிட்டு, அதில் காய் பறிக்காமல் செடியிலேயே காய விடணும். கடைசியில் மிஞ்சின வத்தல் காயை விதைக்கு வைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கு, அதை விடுவோம். நல்லதை முதலில் விதைக்கு எடுத்துவிட்டுப் பிறகுதான் சட்டிக்கு. கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட் விதை எடுப்பது சிரமம். அதுகள் இரண்டாம் வருஷம்தான் பூக்கும், அக்கம்பக்கத்துப் பூவோடு கலந்தும் போகும். கம்பெனி ஒட்டு ரகத்தில் விதை எடுத்தால் தாய் மாதிரிப் பிள்ளை வராது. அதை வாங்கிக்கொள்வோம்.

விதை காப்பது நமக்குப் புதுசு இல்லை. பூண்டுத் தாரைக் கட்டாகக் கட்டி அடுப்புப் புகை படும்படி பரணில் தொங்கவிட்டு, விதைப்பூண்டைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றினது நம்ம வீட்டுப் பெண்கள்தான். அந்தக் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ப் பூண்டைக் கொடைக்கானல் பூண்டு என்று பேர் வைத்து விற்கக் கூடாது என்பது இப்போ சட்டம். பூண்டுக்குப் பார்த்த பக்குவத்தைப் பட்டாணிக்கும் பீன்ஸுக்கும் பார்ப்போம். நல்லா காய வைத்து, சாம்பல் கலந்து, ஈரம் புகாத டப்பாவில் வைத்தால் போதும்.

மருந்தும் மாடும்

கூலிக்குப் போகிற தோட்டத்தில் மருந்து அடிப்பதை நாம் நிறுத்த முடியாது. நம்ம பாத்தியில் அடிக்காமல் இருக்க முடியும். மோனோகுரோட்டோபாஸ் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை போட்டாச்சு. அனுமதி உள்ள மருந்துக்கும் அடித்த பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்கணும் என்று காத்திருப்புக் காலம் உண்டு. லாரி வந்து நிற்கும்போது அந்த நாளை யார் எண்ணுகிறார்கள்? நம்ம பாத்தியில் விளைந்ததைப் பிள்ளை பிடுங்கித் தண்ணியில் அலசிவிட்டு அப்படியே கடிக்கலாம். அதுக்குத்தான் இவ்வளவு பாடும். பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடிக்கிற அன்றைக்கு முன்கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். பாத்தியைச் சாக்கு போட்டு மூடி, இரண்டு மூணு நாள் கீரை பறிக்காதீர்கள்.

அசுவினிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல். ஒரு லிட்டர் தண்ணிக்கு 50 கிராம் வேப்பம் பருப்பு இடித்துத் துணியில் கட்டி ராத்திரி ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்துத் தெளிக்கணும். வேம்பு இந்தக் குளிரில் வளராது. ஆனி, ஆடியில் பெரியகுளம் பக்கம் போகிறவர்கள் கொட்டை பொறுக்கி வந்தால் குழுவுக்கே ஆகும். இந்த மாசிக்கு இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் அரைத்த கரைசலை வைத்துச் சமாளிப்போம். நத்தைக்குச் சாயங்காலம் ஈரச் சாக்கு ஒன்றை ஓரத்தில் போட்டு வைத்து, காலையில் புரட்டினால் மொத்தமாகக் கிடைக்கும்.

காட்டுமாடுக்கு எந்தக் கரைசலும் கிடையாது. ஒரே ராத்திரியில் மூணு பாத்தியும் காலி. வீட்டை ஒட்டிப் போடச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். கல்சுவர் கட்ட முடிந்தவர்கள் கட்டுங்கள், முடியாதவர்கள் மூங்கில், முள் வைத்து நெருக்கமாக அடைத்து, உள்பக்கம் பார்வை தெரியாமல் பழைய புடவை, பச்சை வலை கட்டுங்கள். காய்கறிக் கழிவை வீட்டுக்குப் பின்னால் குவித்து வைக்க வேண்டாம், அது மாட்டுக்கும் பன்றிக்கும் கொடுக்கிற அழைப்பு. கழிவைக் குழியில் போட்டு மண் தள்ளுங்கள். யாராவது வீட்டு மின்சாரத்தைக் கம்பி வேலியில் விடலாம் என்று சொன்னால் கேட்காதீர்கள். அது சட்டப்படி குற்றம், முதலில் மாட்டிக்கொள்வது நம்ம பிள்ளைகளாகத்தான் இருக்கும்.

விற்கலாமா என்று ஒரு ஊக்குநர் கேட்டார். வீட்டில் நாலு பேரும் வயிறார எடுத்தது போக மிஞ்சினால் விற்கலாம். கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு ஒருத்தர் போகும்போது நாலைந்து வீட்டுக் காயைச் சேர்த்துக் கொடுத்தனுப்பலாம். ஆனா காசு வருது என்று கீரையை எல்லாம் கட்டி அனுப்பிவிட்டுத் திரும்ப ரசத்துக்கு வர வேண்டாம். வித்த காசை அவரவர் சேமிப்பில் கட்டுங்கள், வீட்டுச் செலவில் கலந்தால் கணக்கே தெரியாது.

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் கால் சென்ட் போடுகிறவர்கள், சாக்கில் போடுகிறவர்கள் பெயரைத் தீர்மான நோட்டில் எழுதி வாருங்கள். விதைப் பாக்கெட் வாங்க பிரதிநிதி இரண்டு பேர் கொடைக்கானல் போகிறார்கள், பணத்தை அவர்களிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் பழைய பட்டர் பீன்ஸ், பட்டாணி விதை வைத்திருக்கிற அக்காமார் ஒரு கைப்பிடி கொண்டு வாங்க, பிரித்துக்கொள்ளலாம். அதுவரை மண்ணைக் கொத்தி வெயிலில் போட்டு வையுங்கள்.